எல்லா ஓட்டுநருக்கும் ஒரே கைப்பேசி எண்: 2147483647 பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கண்டெய்னர் லாரி புக்கிங் ஆபீஸ், பேரேட்டுக் கணக்கை விட்டுப் புதிய மென்பொருளுக்கு மாறியது. மாறிய வாரத்திலேயே அங்குள்ள ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் ஒரே கைப்பேசி எண் வந்துவிட்டது: 2147483647. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையில் நிற்கும் வண்டி எது, யார்டுக்குத் திரும்பிவிட்டது எது என்பதை ஓட்டுநரைக் கூப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தப் பெயரைத் தட்டினாலும் திரையில் அதே பத்து இலக்கம். கணக்கர் அந்த எண்ணையே அழைத்துப் பார்த்திருக்கிறார். எண்ணைச் சரிபார்க்கும்படி பதிவுக் குரல் சொன்னதுதான் மிச்சம்.

இப்படி ஒன்று நடந்தால் கணிதத்தை யாரும் முதலில் நினைக்க மாட்டார்கள். வைரஸ் என்றார் ஒருவர். அண்மையில் சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போனவரின் கைவரிசை என்றார் இன்னொருவர். தண்டையார்பேட்டையில் நான் நடத்தும் மாலை நேரக் கணக்கு வகுப்புக்குக் கணக்கரின் மகள் வருகிறாள், பதினோராம் வகுப்பு. அவள் அந்த எண்ணை ஒரு டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்து, "சார், இது 3, 7, 11, 13 எதாலும் வகுபடவில்லை. அப்பா இது யாருடைய எண் என்று கேட்கிறார். நான் இது என்ன எண் என்று கேட்கிறேன்" என்றாள்.

அப்பாவின் கேள்விக்கு அரை மணி நேரத்தில் பதில் கிடைத்தது. மகளின் கேள்வி எங்கள் வகுப்பைப் பல மாலைகள் பிடித்துவைத்துக்கொண்டது. எனவே இந்த ஆய்வில் முதல் பகுதி சிறியது.

எண் வந்த வழி

மென்பொருளின் தரவுத்தளத்தில் கைப்பேசி எண்ணுக்கான பத்தியை 'முழு எண்' என்ற வகையில் அமைத்திருந்தார்கள். அந்த வகைக்கு 32 பிட் இடம், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய 32 கட்டங்கள். கூட்டலா கழித்தலா என்ற குறிக்கு ஒரு பிட் போக, மதிப்புக்கு 31 பிட் மிஞ்சும். 31 பிட்டும் 1 ஆக இருக்கும்போது கிடைப்பது 2³¹ − 1. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதற்கு மேல் அந்தப் பெட்டியில் இடமில்லை.

நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்குகின்றன. ஆக, மிகச் சிறிய எண்ணே 600 கோடி. ஒன்றுகூடப் பெட்டியில் நுழையாது. நுழையாத எண் வந்தால் தரவுத்தளம் இரண்டில் ஒன்றைச் செய்யும்: ஏற்க மறுக்கும், அல்லது தன்னால் எழுத முடிந்த மிகப்பெரிய எண்ணை எழுதிக்கொண்டு ஓர் எச்சரிக்கையை மட்டும் விட்டுச்செல்லும். இங்கே கண்டிப்புக் குறைவான இரண்டாவது அமைப்பு இருந்தது. எச்சரிக்கையை யாரும் படிக்கவில்லை. அமெரிக்காவில் இதே கோளாறு நேர்ந்தால் கண்டுபிடிக்கவே நாளாகும். அங்கே 214 என்பது டல்லாஸ் நகரத் தொலைபேசிக் குறியீடு. பார்ப்பவருக்கு அது அசல் எண்ணாகவே தெரியும்.

கணக்கருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: எண்கள் ஏதோ ஒரு சூத்திரத்தால் மாறியிருக்கின்றன, அதைத் திருப்பிப் போட்டால் பழைய எண்கள் வந்துவிடும் என்று. வராது. எல்லா எண்ணும் ஒரே எண்ணாகிவிட்ட பிறகு எது எதிலிருந்து வந்தது என்பதற்கு அந்த எண்ணுக்குள் எந்தத் தடயமும் இல்லை. பழைய டிரிப் ஷீட்டுகளையும் கேட் பாஸ் நகல்களையும் எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்பப் பதிவு செய்தார்கள். பத்தியின் வகையையும் எழுத்து வகைக்கு மாற்றினார்கள். உண்மையில் தொடக்கத்திலேயே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டு கைப்பேசி எண்களை யாரும் கூட்டப்போவதில்லை. கூட்டவும் பெருக்கவும் தேவைப்படாத ஒன்று, இலக்கங்களால் எழுதப்பட்டிருந்தாலும், எண் வகையில் சேராது.

அவர்களிடம் இன்னொன்றையும் சொல்லிவைத்தேன். பல கணினி அமைப்புகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை இதே 31 பிட்டில் எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தொடுவது 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அதற்கு இன்னும் நாளிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் 15 ஆண்டுக் குத்தகைக்கு யார்டு எடுத்து, முடியும் தேதியை இன்று பதிவு செய்தாலே அது 2038-ஐத் தாண்டிவிடுகிறது.

மூன்று தவறான காரணங்கள்

இனி மகளின் கேள்வி. 2147483647 பகா எண்தான். அதை வகுப்பில் சொன்னவுடன் மூன்று விளக்கங்கள் வந்து விழுந்தன. மூன்றும் தவறு. ஆனால் தவறான விளக்கத்தைப் பிரித்துப் பார்ப்பதில் நேரம் வீணாவதில்லை என்பது என் அனுபவம்.

முதல் விளக்கம்: கணினி செய்தவர்கள் பாதுகாப்புக்காகப் பகா எண்ணாகப் பார்த்து எல்லையை வைத்திருக்கிறார்கள். இல்லை. எல்லை பிட்டுகளின் எண்ணிக்கையிலிருந்து தானாக வருகிறது. 8 பிட் பெட்டியில் எல்லை 127, பகா எண். 16 பிட்டில் 32767. அது 7 × 31 × 151. 32 பிட்டில் நம் எண், பகா எண். 64 பிட்டில் 2⁶³ − 1. அது 7-ஆல் ஒருமுறையல்ல, இருமுறை வகுபடும். குறி பிட்டையும் மதிப்புக்கே கொடுத்துவிட்டால் 32 பிட்டின் எல்லை 4294967295 ஆகும். அது 3 × 5 × 17 × 257 × 65537 என்று அழகாக உடைந்துபோகிறது. லாரி ஆபீஸில் ஒரு பகா எண் வந்து உட்கார்ந்தது தற்செயல்.

இரண்டாவது விளக்கம் இன்னும் கவர்ச்சியானது: 31 பகா எண், ஆகவே 2³¹ − 1 பகா எண். இதில் பாதி உண்மை உண்டு. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்ணாகத்தான் இருக்கும். 15 என்பது 3 × 5 என்பதால்தான் 2¹⁵ − 1 என்ற 32767 உடைந்தது. ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் அப்படியே இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இத்தாலியின் பியேத்ரோ கட்டால்டி 1603-இல் வெளியிட்ட நூலில் 23, 29, 31, 37 ஆகிய நான்கு அடுக்குகளுக்கும் பகா எண் கிடைக்கும் என்றார். 31 மட்டுமே சரி. 2²³ − 1 என்பதை 47 வகுக்கும். 2²⁹ − 1 என்பதை 233 வகுக்கும். 2³⁷ − 1 என்பதை 223 வகுக்கும். இந்த வகை எண்களுக்குத் தன் பெயரைக் கொடுத்த பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் போட்ட பட்டியலிலும் 67, 257 என்ற இரண்டு தவறாக நுழைந்தன. 61, 89, 107 என்ற மூன்று விடுபட்டன.

மூன்றாவது, பத்து இலக்கப் பகா எண் அபூர்வம், அதனால் இதில் ஏதோ மர்மம் இருக்கிறது என்பது. இந்த அளவில் ஏறத்தாழ 21 எண்களுக்கு ஒன்று பகா எண். நம் எண்ணுக்கு முந்திய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. இரண்டும் கூப்பிடு தூரம்தான். கைப்பேசி எண்களின் அளவில் 23-க்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னதும் எல்லோரும் வீட்டிலிருக்கும் எண்களைச் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். தன் பாட்டியின் எண் பகா எண் என்று கண்டுபிடித்த ஒரு பையன் அன்று முழுவதும் வேறு எதையும் கேட்கும் நிலையில் இல்லை.

அபூர்வம் வேறிடத்தில் இருக்கிறது. 2147483659 பகா எண் என்று காட்ட வேண்டுமானால் பொதுவான வழிகளையே நாட வேண்டும். 2147483647 அப்படியல்ல. அது 2-இன் அடுக்குக்கு ஒன்று குறைவு என்பதே அதன் பகாத்தன்மையை நிரூபிக்க உதவுகிறது. இந்த ஆய்வு எழுதப்பட்டதே அந்த ஒன்றுக்காகத்தான்.

4792 வகுத்தல்கள்

பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் வழி எல்லோருக்கும் தெரியும். ஓர் எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்துக்கு மிகாத பகாக் காரணி ஒன்று இருந்தாக வேண்டும். 46340-இன் வர்க்கம் 2147395600; 46341-இன் வர்க்கம் நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆகவே 46340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவை 4792.

வகுப்பில் சிலர் இதைப் பங்கு போட்டுக்கொண்டு முடித்துவிடலாம் என்றார்கள். முடிக்கலாம். வழியில் தவறும் இல்லை. ஆனால் 4792 முறை 'வகுபடவில்லை' என்று எழுதிய பிறகும் ஏன் வகுபடவில்லை என்பது தெரிந்திருக்காது. நடுவில் யாராவது ஒருவர் கால்குலேட்டரில் ஓர் இலக்கத்தைத் தவறாக அழுத்தியிருந்தால் மொத்தமும் போச்சு. நான் அவர்களை வகுக்க விடாமல், கண்டெய்னரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் பார்க்கச் சொன்னேன்.

கண்டெய்னர் எண்ணும் 2-இன் சுற்றும்

எண்ணூர் விரைவுச் சாலையில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கண்டெய்னர் எண்ணைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சிறு கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். அந்தக் கட்டத்து இலக்கம் எதற்கு என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அது சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளுக்கும் ஒரு மதிப்பு கொடுத்து, முதல் இடத்தை 1-ஆல், அடுத்ததை 2-ஆல், பிறகு 4, 8 என்று பத்தாம் இடத்தை 512-ஆல் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதி அது. கேட்டில் எழுதுபவர் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும், இரண்டு இலக்கங்களை இடம் மாற்றினாலும் மீதி மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். மீதி 10 வந்தால் 0 என்று எழுதும் வழக்கத்தால் ஒரு சிறு ஓட்டை உண்டு, அதை விட்டுவிடுவோம்.

இது ஏன் வேலை செய்கிறது? 2-இன் அடுக்குகளை 11-ஆல் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதினால் 1, 2, 4, 8, 5, 10, 9, 7, 3, 6 என்று வருகிறது. பிறகு மறுபடி 1. பத்து இடத்துக்கும் பத்து வேறுபட்ட மீதி, எதுவும் பூச்சியமில்லை. எனவே எந்த இரண்டு இடத்தை மாற்றினாலும் மொத்தம் மாறும். 11-ஐப் பொறுத்தவரை 2-இன் சுற்று நீளம் 10.

இதே கணக்கை 7-க்குப் போட்டால் 2, 4, 1 என்று மூன்றிலேயே சுற்று முடிகிறது. 23-க்குப் போட்டால் 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1 என்று பதினொன்றில் முடிகிறது. 2-இன் பதினொன்றாம் அடுக்கை 23-ஆல் வகுத்தால் மீதி 1 என்றால், 2¹¹ − 1 என்ற 2047-ஐ 23 மிச்சமில்லாமல் வகுக்கிறது என்று பொருள். கட்டால்டியை ஏமாற்றியதற்கு உறவான எண் இப்படிக் கரும்பலகையில் பிடிபட்டது.

பிள்ளைகள் இன்னொன்றையும் கவனித்தார்கள். 11-க்கு 10, 7-க்கு 3, 23-க்கு 11: சுற்றின் நீளம் எப்போதும் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவதை மிச்சமின்றி வகுக்கிறது. 10 என்பது 10-ஐ, 3 என்பது 6-ஐ, 11 என்பது 22-ஐ. இது பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1640-இல் சொன்ன தேற்றத்தின் விளைவு.

இப்போது நம் எண்ணுக்கு வருவோம். அதற்கு 'க' என்றொரு பகாக் காரணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2³¹-ஐக் க-வால் வகுத்தால் மீதி 1. ஆகவே க-வைப் பொறுத்து 2-இன் சுற்று நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் அது 1 அல்லது 31. நீளம் 1 என்றால் 2-ஐக் க-வால் வகுத்தாலே மீதி 1 வர வேண்டும், நடக்காது. எனவே நீளம் 31. அப்படியானால் 31 என்பது (க − 1)-ஐ வகுக்கும். க ஒற்றைப்படை எண் என்பதால் 62-உம் வகுக்கும். ஒரே அடியில் 3, 5, 7, 11, 13, 17 எல்லாம் வெளியே போய்விட்டன. வகுத்துப் பார்க்கவே வேண்டாம். 62-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்கள் மட்டுமே மிச்சம்.

ஃபெர்மா அத்தோடு நின்றார். அவருக்கு அடுத்த நூற்றாண்டில் வந்த சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் இன்னொரு சல்லடை போட்டார். 2³¹-இன் மீதி 1 என்றால் 2³²-இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். ஆக, க-வைப் பொறுத்தவரை 2 ஒரு முழு வர்க்கமாக நடந்துகொள்கிறது. எல்லாப் பகா எண்ணுக்கும் இது வாய்ப்பதில்லை. 7-க்கு வாய்க்கும்: 3-இன் வர்க்கம் 9, மீதி 2. 17-க்கு 6-இன் வர்க்கம், 23-க்கு 5-இன் வர்க்கம், 31-க்கு 8-இன் வர்க்கம். 3, 5, 11, 13-க்கு எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. விதி இதுதான்: 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வரும் பகா எண்களுக்கு மட்டுமே 2 வர்க்கமாகும். இதன் நிரூபணம் பள்ளிக் கணக்கைத் தாண்டியது. நாங்கள் பட்டியல் போட்டுப் பார்த்து நம்பினோம்.

இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், க-வை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே ஆக வேண்டும். 46340-க்குள் அப்படிப்பட்ட எண்கள், 63-ஐ விட்டுவிட்டால், 372. அவற்றிலும் பகு எண்களைத் தள்ளிவிடலாம். 249 என்றால் 3 × 83, 497 என்றால் 7 × 71. பட்டியலில் 2047-உம் வருகிறது. நம் பழைய 23 × 89. பகா எண்களை மட்டும் எடுத்தால் மிஞ்சுவது எண்பதை ஒட்டித்தான். 4792 எங்கே, எண்பது எங்கே!

அந்த எண்பதுக்கும் நீள வகுத்தல் தேவையில்லை. பட்டியலின் முதல் பகா எண் 311. 2⁸ = 256; அதை 311-இலிருந்து பார்த்தால் 55 குறைவு. 55-இன் வர்க்கம் 3025. 311-ஆல் வகுத்தால் மீதி 226, அதாவது 85 குறைவு. 85-இன் வர்க்கம் 7225; மீதி 72. இதுதான் 2³²-இன் மீதி. 311 காரணியாக இருந்தால் இங்கே 2 வந்திருக்க வேண்டும். 72 வந்ததால் 311 போனது. அடுத்தது 1303: 65536-இன் மீதி 386, அதன் வர்க்கத்தின் மீதி 454. போனது. அதற்கடுத்த 1489-க்கு 65536-இன் மீதி 20 என்று வந்ததும் வகுப்பில் கைதட்டல். 20-இன் வர்க்கத்துக்குக் கால்குலேட்டர் எதற்கு? 400. அதுவும் போனது.

மிச்சத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் இரண்டே வரி: 2¹⁶-இன் மீதி, அதன் வர்க்கத்தின் மீதி. எந்த வரியிலும் 2 வரவில்லை. கணக்கரின் மகள் ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று விதி போட்டாள். தரவுத்தளத்தின் எச்சரிக்கையை யாரும் படிக்காமல் விட்ட கதை வீட்டில் பேசப்பட்டிருக்கும் போலிருக்கிறது.

ஆய்லரும் அவருக்குப் பின்னும்

ஆய்லர் 1772-இல் இந்தப் பகாத்தன்மையை அறிவித்தபோது அவருக்குக் கண்பார்வை அநேகமாக முழுவதும் போய்விட்டிருந்தது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம், 1867 வரை, மனிதருக்குத் தெரிந்த மிகப்பெரிய பகா எண் இதுவே. பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர் 1811-இல் இந்த எண்ணிலிருந்து கிடைக்கும் நிறைவு எண்ணைக் குறிப்பிட்டு, இதைவிடப் பெரியதை இனி எவரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்று எழுதினார்; பயனில்லாத வேலையை யார் செய்வார்கள் என்பது அவர் வாதம். அந்த நிறைவு எண், தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே திரும்ப வரும் எண், 2305843008139952128. பயனைப் பற்றிய பார்லோவின் கணிப்பு, மனிதர்களைப் பற்றிய அவருடைய கணிப்பைப் போலவே பொய்த்தது.

வட சென்னையில் எண் என்று வாயெடுத்தால் ராமானுஜன் வராமல் போகமாட்டார். அது நியாயம்தான். 1912-இல் அவர் குமாஸ்தாவாகச் சேர்ந்தது இதே துறைமுகத்தின் கணக்குப் பிரிவில். ஜார்ஜ் டவுனில் குடியிருந்தார். முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் முயன்று 1993-இல் ராயபுரத்தில் உருவான ராமானுஜன் அருங்காட்சியகம் எங்கள் வகுப்பிலிருந்து அதிக தூரமில்லை. ஆனால் பிள்ளைகளிடம் நான் அழுத்திச் சொல்வது வேறொன்று. 1913 ஜனவரி 16 அன்று இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் அவர் உறுதியாகச் சொல்லித் தவறாகிப்போன பகுதி பகா எண்களைப் பற்றியதுதான். குறிப்பிட்ட எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் என்பதற்கு அவர் தந்த சூத்திரம் அவர் கருதிய அளவுக்குத் துல்லியமாக இருக்கவில்லை. எண்களோடு அவ்வளவு உறவாடியவரையே பகா எண்கள் ஏமாற்றியிருக்கின்றன. '3, 7, 11, 13 எதாலும் வகுபடவில்லை' என்பதை நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

காரணியே தேடாமல்

ஆய்லரின் வழியிலும் காரணி தேடல் இருக்கிறது. தேடும் இடம் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பிரான்சின் எதுவார் லூக்கா 1876-இல் காரணியைத் தேடாமலேயே 39 இலக்கமுள்ள 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். அவருடைய சோதனையை டி.எச். லேமர் 1930-களில் செம்மைப்படுத்தினார்.

செய்முறை இவ்வளவுதான். 4-இல் தொடங்க வேண்டும். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிக்க வேண்டும். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டு மறுபடி அதையே செய்ய வேண்டும். அடுக்கில் இரண்டைக் கழித்தால் எத்தனையோ அத்தனை முறை செய்த பிறகு பூச்சியம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். 127-க்குச் செய்து பார்த்தோம்: அடுக்கு 7, ஆகவே ஐந்து முறை. 4, 14, 67, 42, 111, 0. வந்துவிட்டது. 2147483647-க்கு 29 முறை. 4, 14, 194, 37634, 1416317954 வரை எண்கள் உள்ளே அடங்குகின்றன. அதற்குப் பிறகு 19 இலக்க வர்க்கங்கள் வருகின்றன. கையால் செய்தால் கை ஓய்ந்துவிடும் என்பதால் கணினியிடம் கொடுத்தோம். இருபத்தொன்பதாவது முறை பூச்சியம்.

பூச்சியத்துக்கு முந்திய எண்ணில் ஓர் அழகு இருக்கிறது. அதன் வர்க்கத்திலிருந்து 2-ஐக் கழித்தால் பூச்சியம் என்றால், அதன் வர்க்கத்தின் மீதி 2. நம் எண்ணைப் பொறுத்தவரை 2-க்கு வர்க்கமூலம் எது என்பது முன்பே தெரியும்: 2¹⁶, அதாவது 65536, அல்லது அதன் எதிர்மம். எனவே கணக்கின் கடைசிக்கு முந்திய படி அந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். 127-க்கு வந்த 111-ஐப் பாருங்கள். 127-இலிருந்து 16 குறைவு, 16 என்பது 2⁴. ஆய்லரின் இரண்டாவது சல்லடையும் லூக்காவின் கடைசிப் படியும் ஒரே விஷயத்தின் இரு முகங்கள்.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சென் பகா எண்ணுக்கு அடுக்கு 136279841. இலக்கங்கள் 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல். அதை உறுதிப்படுத்திய சோதனைகளில் இதே லூக்கா–லேமர் முறையும் ஒன்று.

பார்லோவுக்கு ஒரு பதில்

பயனில்லை என்றாரே பார்லோ, அதையும் பார்த்துவிடுவோம். 2147483647-ஐப் பொறுத்து 2-இன் சுற்று நீளம் வெறும் 31 என்று கண்டோம். 7-இன் சுற்று நீளம் எவ்வளவு? முழு நீளம்: 2147483646. அதாவது ஓர் எண்ணில் தொடங்கி ஒவ்வொரு முறையும் 7-ஆல் பெருக்கி மீதி எடுத்துக்கொண்டே போனால், 1 முதல் 2147483646 வரை எல்லா எண்ணையும் ஒருமுறை தொட்ட பிறகே பழைய இடத்துக்குத் திரும்பும். 7-இன் ஐந்தாம் அடுக்கான 16807-ஆல் பெருக்கினாலும் அப்படியே. எண்கள் குலுக்கிப் போட்டதுபோல வரும் என்பதால் ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் இருவரும் 1988-இல் இதைக் கணினிகளில் சமவாய்ப்பு எண் உருவாக்குவதற்கான குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். கடவுச்சொல் உருவாக்க இது போதாது. அடுத்து வருவதை எளிதில் கணித்துவிடலாம். நிஜ நிகழ்வுகளைக் கணினியில் போலச் செய்து பார்க்கும் கணக்குகளுக்கும் சிறு விளையாட்டுகளுக்கும் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது.

கணக்கரின் மகள் கேட்ட அடுத்த கேள்வி இது: "2 பகா எண்; 2² − 1 = 3 பகா எண். 3-ஐ அடுக்காக்கினால் 7. 7-ஐ அடுக்காக்கினால் 127. எல்லாம் பகா எண். 5-ஐ அடுக்காக்கினால் 31, 31-ஐ அடுக்காக்கினால் நம் எண். அப்படியானால் நம் எண்ணையே அடுக்காக்கினால்?"

அது 64 கோடிக்கு மேல் இலக்கங்கள் உள்ள எண். எழுதிப் பார்க்க முடியாது. ஆனால் சுற்று நீள வாதம் அதற்கும் அப்படியே பொருந்தும். அதன் பகாக் காரணி எதுவாக இருந்தாலும், ஒன்றைக் கழித்தால் 2147483647-இன் இரட்டைப்படை மடங்காக இருந்தாக வேண்டும். அந்த மடங்குகளில் 137490-ஐ எடுத்துப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 295257526626031 வரும். அதை 8-ஆல் வகுத்தால் மீதி 7. இரண்டாவது நிபந்தனையும் பொருந்துகிறது.

இது உண்மையில் காரணிதானா என்று சோதிக்க அந்த 64 கோடி இலக்கங்களைத் தொடவே வேண்டாம். 2-ஐ எடுத்து 31 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தினால் 2-இன் அடுக்கு 2³¹ ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் 295257526626031-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் எண் பதினைந்து இலக்கத்தைத் தாண்டாது. இறுதியில் 2 வந்தால் அது காரணி. நடுவில் 29 இலக்கம் வரையுள்ள வர்க்கங்கள் வருவதால் கால்குலேட்டர் உதவாது. பைத்தானில் ஒரே வரி. அவள் தட்டச்சு செய்தாள். விடை 2.